சாமியில்லாத மலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர்

அக்டோபர் 8, ஞாயிறு

வாக்கு நிறைவேறும் காலம் வந்துவிட்டது. மகள் லோசனி காலேஜுக்குப் போனதும் நான் சொல்கிற ஊரில் குடியிருப்போம் என்று இவர் வாக்குக் கொடுத்தது டொலீடோவில். பனிப்புயலில் கார் சிக்கி, இருவரும் ஒரு பொட்டலம் காராச்சேவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரம். உயிர் பயத்தில் கொடுத்த வாக்கு செல்லாது என்று இன்றைக்கு வாதாடிப் பார்த்தார். செல்லும் என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் வேலை எங்கே போனதோ அங்கே நான் சமையல் சாமான்களோடு பின்னாலேயே போயிருக்கிறேன். நெய்வேலி, பியோரியா, ஓமஹா, டொலீடோ, இப்போது கொலம்பஸ். எல்லாமே இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஊர்கள். மருந்துக்கு ஒரு மேடு கிடையாது.

"எந்த ஊரு வேணும், சொல்லு."

"எங்கே இருந்து பனிச்சறுக்குக்குச் சட்டுனு போய்ட்டு வரலாமோ, அந்த ஊரு."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

புது டைரி என்பதால் மரியாதைக்கு ஓர் அறிமுகம். பெயர் உலகம்மை. வயது ஐம்பத்தொன்று. பிறந்தது தென்காசி. வீட்டிலிருந்தபடியே டாக்டர்களின் பில்களைச் சரிபார்க்கிற வேலை. கணவர் குற்றாலிங்கம், அவருக்கும் இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் உத்தியோகம். ஆக, இன்டர்நெட் இருக்கிற எந்த மலையடிவாரத்திலும் எங்கள் இருவருக்கும் சோறு கிடைக்கும். பனிச்சறுக்கு நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியது நாற்பத்தாறாவது வயதில். ஆபீஸ் பெண்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். ஒருத்தி என்னிடம், "நீ வரமாட்டே, இல்ல?" என்றாள். அந்த "இல்ல?"வுக்காகப் போனேன். ஐந்து வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

சரிவுகளுக்கு அங்கே நிறம் உண்டு. பச்சை குழந்தைகளுக்கு. நீலம் சுமாரானவர்களுக்கு. கறுப்பு, உயில் எழுதி வைத்துவிட்டவர்களுக்கு. நான் எந்த நிறம் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜனவரியில் டென்வரும் சால்ட் லேக் சிட்டியும் பார்க்கப் போகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது.

அக்டோபர் 14, சனி

தென்காசியில் மாமனார் காலமானார். மகாளய அமாவாசை அன்று போயிருக்கிறார், புண்ணியவான் என்கிறார்கள். ஒரு டிக்கெட்தான் கிடைத்தது. இவர் கிளம்பினார். பெட்டியில் ஒன்பது காலுறை வைத்தார். சட்டை வைக்க மறந்துவிட்டார். நான் வைத்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

இவர் திரும்பி வந்தார். மொட்டை. திருப்பதிக்குப் போனால்கூட லட்டுக்கு மட்டும் வரிசையில் நிற்கிற மனிதர், சகல காரியங்களையும் ஒன்று விடாமல் செய்திருக்கிறார். விமான நிலையத்தில் யாரோ ஒரு பையன் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறான் என்று நினைத்தேன்.

கையோடு ஒரு சட்டமும் கொண்டுவந்திருக்கிறார். இவருடைய அக்கா, எங்கள் கோமு மதினி, போட்ட சட்டம். அப்பா போய் ஒரு வருஷம் முடிகிறவரை மகன்களும் மருமகள்களும் மலையேறக் கூடாது.

"மலைன்னா மலைக்கோயில்தான?"

"அக்கா மலைன்னுதான் சொன்னா."

"ஜனவரி டிக்கெட்?"

இவர் மொட்டையைத் தடவிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நவம்பர் 12, ஞாயிறு

இந்த வருஷம் தீபாவளி கிடையாது. அதிரசம் கிடையாது. வந்தது பெரிய அத்தானின் போன் மட்டும்.

பெரிய அத்தான் சங்கரசுப்பு இவருடைய அண்ணன். டாலஸுக்கு வடக்கே ஒரு புதுக் குடியிருப்பில் வீடு. அந்தத் தெருவில் ஒருத்தர் தும்மினால் ஏழு வீட்டில் கஷாயம் கொதிக்கும். ஏழு வீடும் தமிழ் வீடு, ஏழும் கிழக்குப் பார்த்தது.

"உலகம்மா, நம்ம வீட்டுக்கு அடுத்த மனை சும்மா கிடக்கு. பில்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். ஏப்ரலுக்குள்ள சொல்லிரணும். ஆகஸ்ட்ல கிரகப்பிரவேசம் வச்சிரலாம்."

"அங்கே மலை உண்டா அத்தான்?"

"மலை என்னத்துக்கும்மா? கோயில் பத்து நிமிஷம். நெல்லிக்காகூடக் கிடைக்கி."

இவர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதுகூட மறந்துபோகிற அளவுக்கு ஆட்டினார்.

டிசம்பர் 9, சனி

சட்டம் என்றால் அதில் ஓட்டை இருக்கும். மதினிக்குப் போன் போட்டேன்.

"மதினி, ஒரு சந்தேகம். பனிச்சறுக்குல நாம மலை ஏறுறதே இல்ல. நாற்காலி மாதிரி ஒரு லிஃப்ட் மேலே கொண்டுபோய் விட்டுரும். நாம செய்யுறது இறங்குறது மட்டும்தான். ஏறக் கூடாதுன்னுதான சொன்னிய, இறங்கக் கூடாதுன்னு சொல்லலியே?"

மதினி கொஞ்சம் யோசித்தாள். அந்த இடைவெளியில் நான் மனதுக்குள் சூட்கேஸ் கட்டிவிட்டேன்.

"ஏளா, பழனியில விஞ்ச்ல போறவன்லாம் மலை ஏறலைன்னா சொல்லுதான்? அவனும் முருகனைப் பார்த்தேன்னுதான சொல்லுதான்?"

எனக்கு வக்கீல் வேலை ஒத்துவராது.

பழனி விஞ்ச் கதையைக் கேட்டு இவர் ரொம்ப நேரம் சிரித்தார். மாமா போன பிறகு இப்போதுதான் சிரிக்கிறார். அதற்காக நான் தோற்றதாக அர்த்தமில்லை. "டென்வரே ஐயாயிரம் அடி உயரம். அந்த ஊருல போய் இறங்குனாலே மலையேறினதுதான்" என்று ஒரு போடு போட்டார்.

"மதினி மகள் இருக்கிற பெங்களூரு மூவாயிரம் அடி. மதினி போன வாரம் அங்கதான் இருந்தாவ. கொடைக்கானல் போனா மலையேறினது, பெங்களூரு போனா புடவை எடுக்கப் போனதா?"

"நீ தனியா போறதுன்னா போ" என்றார்.

தனியாகப் போ என்றால் போகமாட்டேன் என்று நினைக்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் "இல்ல?" என்று கேட்டவளைப் பற்றி இவருக்குச் சொல்லியிருக்கிறேனே.

ஜனவரி 13, சனி. டென்வர்

வாடகைக் காரில் மலைக்குக் கிளம்பினேன். டென்வர் ஜனம் மொத்தமும் அதே நேரத்தில் கிளம்பியிருந்தது. மலை எதிரே தெரிகிறது. கார் நகரவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கிடைக்காமல், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு இலையையே பார்ப்போமே, அப்படி.

சாயங்காலம் இவர் போனில் கேட்டார். "எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றேன். பட்டியலில் டென்வரை அடித்துவிட்டேன்.

ஜனவரி 15, திங்கள். சால்ட் லேக் சிட்டி

பொங்கல். இந்த வருஷம் நமக்குக் கிடையாது. ஹோட்டல் அறையில் ஓட்ஸ் பொங்கி வழிந்தது. அது கணக்கில் வராது.

இந்த ஊரில் தெருமுனையில் நின்றால் பஸ் வருகிறது. பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஜனம் ஏறுகிறது. எனக்குப் பக்கத்தில் மாணவன் ஒருவன், இரவு ஷிப்ட் முடித்த நர்ஸ் ஒருத்தி, மேலே ஹோட்டலில் வெங்காயம் நறுக்கப் போகிற சமையல்காரர் ஒருவர். யாரும் இதை ஒரு சாதனையாக நினைக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிற முகத்தோடு மலைக்குப் போகிறார்கள். அந்த முகம் எனக்கு வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஊர் ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கிறது. குளிர்காலத்தில் புகை மேலே போகாமல் அங்கேயே நிற்கிறது. சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தின வீடு மாதிரி. மலைமேல் போனால்தான் வெயில். இதை இவரிடம் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 17, புதன்

கெய்லி என்ற பெண்ணிடம் வகுப்பு. இருபத்திரண்டு வயது இருக்கும், என்னை "டியர்" என்கிறாள். என்னோடு வகுப்பில் ஆறு பேர். ஐந்து பேருக்கு முன்பல் இன்னும் முளைக்கவில்லை.

விழுந்தேன். சாதாரண விழுதல்தான். வலது கை எனக்கு முன்னால் போய்விட்டது.

ஜனவரி 18, வியாழன்

மணிக்கட்டில் கட்டு. இடது கையால் எழுதினால் இவ்வளவுதான் வரும். ஊர் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

கட்டு இன்னும் இருக்கிறது. எழுத்து மட்டும் முன்னேறியிருக்கிறது, இரண்டாம் வகுப்புத் தரம்.

நான் எதிர்பார்த்த வசனம் ஒன்றுகூட வரவில்லை. "அப்பவே சொன்னேன்" இல்லை. "இதெல்லாம் தேவையா" இல்லை. இவர் சமைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், எனக்குத் தலை பின்னிவிடுகிறார். பின்னல் வலது காதிலிருந்து புறப்பட்டு இடது தோளில் முடிகிறது. வீடியோவில் பார்த்த லோசனி, "அம்மா, ஒரு பக்கமா சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கியா?" என்றாள்.

தினமும் சாயங்காலம் அண்ணனோடு போன். இன்றைக்கு கராஜில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "நீ பக்கத்துல இருந்தாப் போதும்ணே" என்றது கேட்டது.

ரசத்தில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. சட்டத்தில் ஓட்டை தேடினேனே, சட்டத்தை முழுசாகப் படித்தேனா? உடனே மதினிக்குப் போன்.

"மதினி, பெரிய அத்தான் ஆகஸ்ட்ல எங்களுக்கு அங்கன கிரகப்பிரவேசம் வைக்கணும்னு சொல்லுதாவ. வருஷம் முடியாம வைக்கலாமா?"

"எது? அப்பா போயி வருஷம் திரும்பாம புது வீட்டுல பால் காய்ச்சவா? யாரு சொன்னா, சுப்புவா? மலைக்குப் போவாதன்னு அவன்தான் என்னைத் தூண்டித் தூண்டிச் சொல்லச் சொன்னான். அவனுக்கு மட்டும் சட்டம் வேறயா?"

அடுப்பை அணைத்தேன். "மலைச் சட்டம் அத்தான் சொன்னதா?"

"சொல்லச் சொன்னது அவன். சட்டம் இருக்கது வாஸ்தவம். ஆனா சாமி இருந்தாத்தாம்ளா மலை. இல்லன்னா அது வெறும் கல்லு. உன் பனி மலையில சாமி இருக்கா?"

"இல்ல மதினி. உச்சியில ஒரு கடை இருக்கு. உருளைக்கிழங்கு பொரிச்சு விக்கான்."

"பொறவு என்ன? என்கிட்ட எதுக்குக் கேக்க? அன்னைக்கே வெவரமாக் கேட்டிருக்கணும், ஏறுறது இறங்குறதுன்னு குழப்பாம."

"அப்போ வாடகை வீட்டுக்குக் குடிபோகலாமா?"

"வாடகைதான? உம்பாடு."

மார்ச் 4, திங்கள்

டாலஸில் பூகம்பமாம். மதினி அண்ணனைப் போனில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்திருக்கிறாள். அடுத்த மனையை வேறு யாரோ ராஜமுந்திரிக்காரருக்கு விட்டுவிட்டார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன். இவர் கராஜில் இருக்கிறார். லைட் போடவில்லை.

மார்ச் 16, சனி

எல்லாச் சட்டத்திலும் ஜெயித்த பிறகுதான் உண்மையான சண்டை வந்தது. சட்டம் இருந்தவரை அதன் பின்னால் இருவரும் ஒளிந்துகொண்டிருந்தோம் போலிருக்கிறது.

"ஒண்ணு கேக்கேன். கோவப்படக் கூடாது" என்றார்.

"கோவப்படுவேன். கேளுங்க."

"அஞ்சு வருஷமா போற. இன்னும் பச்சையிலதான நிக்க. பல்லு முளைக்காததுங்கல்லாம் உன்னைத் தாண்டிப் போவுது. இப்ப கையையும் ஒடிச்சாச்சு. நல்லா வர்றவங்க அதுக்காக ஊரு மாறினா ஒரு நியாயம் உண்டு. உனக்கு அது வரலை, உலகு."

இந்த டைரியில் நான் இதுவரை எழுதாமல் தப்பித்த வாக்கியம். இவர் வாயால் வந்துவிட்டது.

"வராதுதான்" என்றேன். "எனக்கு எது எது வருமோ அதையெல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. அஞ்சு ஊருல வீடு ஒதுங்க வச்சேன், உங்க ஆபீஸ் பார்ட்டியில எல்லாம் புரிஞ்ச மாதிரி சிரிச்சேன், அதெல்லாம் நல்லா வந்துச்சு. இது வராது. ஆனா பிடிச்சிருக்கு. நல்லா வந்தாத்தான் பக்கத்துல குடியிருக்கணும்னு எவன் எழுதி வச்சான்? தினமும் கோயிலுக்குப் போறவங்களுக்கெல்லாம் சாமி கண்ணுக்குத் தெரிஞ்சுட்டா?"

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பா போன பொறவு, என்னை 'ஏலே லிங்கம்'னு கூப்பிடறதுக்கு அண்ணன் ஒருத்தன்தான் இருக்கான்."

இந்த மாதிரி இடத்தில் நான் ஜோக் சொல்வது வழக்கம். இன்றைக்கு வரவில்லை.

"அங்க போய் இருங்க. வருஷம் முடியறவரை அண்ணன்கூட இருங்க. நான் ஜூன்ல சால்ட் லேக் போறேன்" என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

இரண்டு டம்ளர் காபி. தனித்தனியாகக் குடித்தோம்.

ஏப்ரல் 6, சனி

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். கணவர் பெயர் எழுத அதில் இடமே இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். என் பெயரை மட்டும் எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பெயர்.

ஜூன் 2, ஞாயிறு. சால்ட் லேக் சிட்டி

குடிவந்தாயிற்று. இரண்டாம் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை, குளியலறை ஜன்னலைத் திறந்தால் டயர்க் கடை. வாடகை வீடுதானே என்று பால் காய்ச்சினேன். கவனிக்காமல் போன் பேசிக்கொண்டிருந்ததில் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. போனில் இவர். டாலஸ் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

நூறு டிகிரிக்கு மேல் வெயில். பனிக்காக ஊர் மாறி வந்தவள் தரையில் படுத்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தை யாரும் படிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

டாலஸ் தெருச் செய்தி: எனக்கு ஒரு பனிச்சறுக்கு வாத்தியாரோடு பழக்கமாம். அதனால்தான் புருஷனை விட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு ஓடிவிட்டேனாம். மூன்றாம் வீட்டு அம்மாள் வாக்கிங்கில் சொன்னதை இவரே போனில் ஒப்பித்தார்.

"நீங்க என்ன சொன்னிய?"

"அந்த வாத்தியாருக்கு இருபத்திரண்டு வயசுன்னு சொன்னேன்."

"பொண்ணுன்னு சொன்னியளா?"

"அதைச் சொல்லலை."

ஐம்பத்தொன்று முடிந்து ஐம்பத்திரண்டு நடக்கிறது. என்னைப் பற்றி இப்படி ஒரு வதந்தி. லோசனிக்குப் போன் செய்து பெருமையடித்தேன்.

இவருக்கு அங்கே தினமும் காலையில் வாக்கிங்காம். ஏழு வீட்டு ஆண்களும் சேர்ந்து போகிறார்கள். ஒரே மாதிரித் தொப்பி. வட்டிவிகிதம் பற்றிப் பேச்சு. "எனக்குப் பேச ஒண்ணும் இல்ல உலகு, நான் தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கேன்" என்றார். நல்ல காற்றுதானே, நடங்கள் என்றேன். வா என்று நான் சொல்லவில்லை. வரட்டுமா என்று இவரும் கேட்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

வருஷத் திதி. அண்ணனும் தம்பியும் டாலஸில் சேர்ந்து செய்தார்கள். மதினி வீடியோவில் உட்கார்ந்து இருவரையும் திருத்திக்கொண்டே இருந்தாளாம், எள்ளு கொஞ்சம், தண்ணி நிறைய என்று. நான் இங்கே தனியாக வாழைக்காய் வதக்கி, மாமாவுக்கு ஓர் இலை போட்டேன். இலை கிடைக்கவில்லை, தட்டு.

சட்டம் முடிந்தது. இனி இவர் சாக்குச் சொல்ல மதினி போட்ட சட்டம் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

மலையில் பனி விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திறக்கிறார்கள்.

இவர் போன். வியாழக்கிழமை வருகிறாராம். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. "குளிர் ஜாஸ்தி, ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்கிடுங்க" என்றேன்.

"நாலு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். பின்னால் பெரிய அத்தான் குரல், "ஏலே லிங்கம், காபி ஆறுது" என்றது. இவர் "வாரேண்ணே" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

நவம்பர் 23, சனி

பஸ்ஸில் இவர் ஜன்னல் ஓரம். கீழே புகைமூட்டம், மேலே போகப் போக வெயில். இதை நீ சொல்லவே இல்லையே என்றார். எல்லாவற்றையும் சொன்னால் யார் வருவார்கள் என்றேன்.

டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஓர் அம்மாள். உள்ளூர் ஆட்களுக்கு வேறு டிக்கெட், வெளியூர் ஆட்களுக்கு வேறு டிக்கெட். "இரண்டு பேரும் உள்ளூரா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். இந்த நாட்டில் எங்கே போனாலும் "எந்த ஊர்" என்று கேட்பார்கள், நான் இவர் ஆபீஸ் இருக்கிற ஊரைச் சொல்வேன். அப்படியே பழகிப்போன வாய். அது திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இவங்க உள்ளூர்" என்று என்னைக் காட்டினார். "நான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

யோசிக்கிறவர்களுக்குத் தனி டிக்கெட் கிடையாது என்றாள் அந்த அம்மாள். பரவாயில்லை, இவர் வேடிக்கை பார்க்கிறவர், டிக்கெட்டே வேண்டாம் என்றேன். இவரை பெஞ்சில் உட்காரவைத்து, என் பையைக் காவலுக்குக் கொடுத்துவிட்டு, லிஃப்டில் உட்கார்ந்தேன்.

பச்சைதான். எழுதிவிட்டேன். பச்சை, பச்சை, ஆறாவது வருஷமும் பச்சை.

மேலிருந்து இவர் ஒரு நெல்லிக்காய் அளவு தெரிந்தார். ஏழு வயசு இருக்கும், ஒரு பெண்குழந்தை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. முதல் திருப்பத்தில் விழுந்தேன். ஒரு கட்டை கழன்று பத்தடி கீழே போய் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, உள்ளூர் ஆட்கள் விழுவதை இங்கே யாரும் பார்ப்பதில்லை போலிருக்கிறது. கீழே இவர் எழுந்து நிற்பது தெரிந்தது. கையைக் காட்டி, உட்காருங்கள் என்றேன்.

பனியில் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில், நல்ல காற்று. அவசரமில்லை. நாளைக்கும் இங்கேதான் இருப்பேன்.